சக்கரத்தின் அகலமும் நிலத்தின் இயல்பும்

சக்கரத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் வட்டத்தையே வியந்து பேசுவர். அதன் அகலத்தைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். ஆயினும், மாரிகாலத்தில் பாரமேற்றிய மாட்டுவண்டியைச் சேற்றிலிருந்து தள்ளிக் கரையேற்றிய எவரும் ஓர் உண்மையை அறிந்திருப்பர். வண்டியை ஓடச் செய்வது வட்டம். அதனைத் தாழாமல் தாங்குவதோ, சக்கரம் நிலத்தோடு பொருந்துகின்ற அந்தச் சிறிய இடம். கல்லிட்ட தெருவில் ஒடுங்கிய சக்கரம் இலகுவாக ஓடும். மணலிலும் சேற்றிலும் அதே சக்கரம் கத்திபோல் நிலத்தை வெட்டிக்கொண்டு இறங்கும். அவ்வாறாயின் ஒரு சக்கரம் எவ்வளவு அகலமாக இருத்தல் வேண்டும்? எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்கு விடை காண மனிதர் சட்டமியற்றினர். பாலைவனத்தில் உயிரைப் பணயம் வைத்தனர். பனிவெளியில் பெரும் பொருளை இழந்தனர். அவ்வரலாறு அறியத்தக்கது.

இக்கேள்வியை முதலில் அரசாங்க அலுவலாக்கிய நாடுகளுள் இங்கிலாந்து குறிப்பிடத்தக்கது. 18ஆம் நூற்றாண்டில் அந்நாட்டின் பெருந்தெருக்களிற் பல, சுங்கம் அறவிடும் தருமகர்த்தா சபைகளின் பொறுப்பில் இருந்தன. பாரவண்டிகளின் ஒடுங்கிய சக்கரங்கள் அத்தெருக்களை உழுத வயல்போல் ஆக்கின. சாலையைத் திருத்துவதிலும் சக்கரத்தைத் திருத்துவதே எளிதென்று பாராளுமன்றம் எண்ணியது. 1753ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டமொன்று, சுங்கச் சாலைகளிற் செல்லும் பாரவண்டிகளின் வட்டைகள் 9 அங்குல அகலம் உடையனவாய் இருத்தல் வேண்டும் என விதித்தது. மீறியவர்க்குத் தண்டம் 5 பவுண். பின்னர் வந்த சட்டங்கள் இன்னும் ஒருபடி மேலே சென்றன. முன்சக்கரம் ஒரு தடத்திலும் பின்சக்கரம் அதற்கு அடுத்த தடத்திலும் உருண்டு, ஒவ்வொரு பக்கத்திலும் 16 அங்குல நிலத்தைச் சமன்செய்யுமாறு அமைத்த வண்டிகளுக்குச் சுங்கத்திலும் பாரத்திலும் சலுகைகள் வழங்கப்பட்டன. ஒவ்வொரு வண்டியும் தெருவைச் செப்பனிடும் உருளையாகிவிடும் என்பதே சட்டஞ் செய்தோரின் நம்பிக்கை.

நம்பிக்கை நல்லதே, நடந்தது வேறு. வண்டிக்காரர் சட்டத்தின் எழுத்துக்கு அடங்கி, அதன் கருத்தைக் கடந்து சென்றனர். 9 அங்குல வட்டையின் மேல் மூன்று இரும்புப் பட்டைகளை இட்டு, நடுப்பட்டையை மட்டும் உயர்த்தி வைத்தனர். அளவுகோலுக்கு அது அகலச் சக்கரம். நிலத்துக்கோ அது பழைய ஒடுங்கிய சக்கரமே. வேறு சிலர் வட்டையைக் கூம்பு வடிவில் அமைத்தனர். அக்காலத்து அச்சுகளின் முனைகள் கீழ்நோக்கி வளைந்திருந்தமையால், வட்டை முழுவதும் நிலத்திற் படியவேண்டுமாயின் அது கூம்பாக இருத்தல் வேண்டும்.

இக்கூம்புச் சக்கரத்தின் கேட்டை எடுத்துக்காட்டியவர்களுள் முதன்மையானவர், கடிகாரக் கலைஞராகப் புகழ்பெற்ற அலெக்சாண்டர் கமிங் ஆவார். கச்சான் விற்பவர் சுற்றித் தரும் கூம்புக் கடதாசியை நிலத்தில் உருட்டிப் பார்த்தால் அவர் சொன்னது விளங்கும். கூம்பு நேராகச் செல்வதில்லை. தன் கூர்முனையைச் சுற்றி வட்டமிடும். அதனை வலிந்து நேராக இழுத்தால், பெரிய விளிம்பு உருளச் சிறிய விளிம்பு தேய்த்துக்கொண்டே வரும். கூம்பு வட்டையுடைய வண்டி தெருவை அமுக்குவதற்குப் பதிலாக அரைத்துத் தூளாக்கியது. வண்டியை இழுத்த குதிரைகளும் வீணே களைத்தன. 1797ஆம் ஆண்டில் கமிங் இவற்றை விளக்கி எழுதினார். நேரான உருளை வடிவமே தெருவுக்கும் விலங்குக்கும் நன்மை தரும் என்பது அவர் முடிபு. அகலம் என்பது அளவுகோலால் மட்டும் அறியப்படுவதன்று. அது நிலத்திற் படியும் முறையையும் நோக்கவேண்டும் என்ற பாடம் இவ்வாறு எழுத்தில் ஏறியது.

இவ்வழக்கை மறுபுறத்திலிருந்து நோக்கியவர் ஜோன் லவுடன் மக்கடம். 1816ஆம் ஆண்டில் பிறிஸ்ரல் நகர்ச் சாலைகளின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற அவர், வண்டியைத் தெருவுக்கு ஏற்ப வளைப்பதினும் தெருவை வண்டிக்கு ஏற்ப அமைப்பதே முறை என்று வாதிட்டார். நிலம் நீர் தேங்காது உலர்ந்திருந்தால் எப்பாரத்தையும் தாங்கும் என்பது அவர் கொள்கை. 6 அவுன்சுக்கு மேற்படாத உடைகற்களைப் பரப்பி அவர் அமைத்த தெருக்கள் அவர் பெயராலேயே வழங்கலாயின. நல்ல தெரு வந்தபின் சக்கரத்தின் அகலத்தைப் பற்றிய கவலை குன்றியது. தெருவில்லாத நிலத்துக்கு மனிதன் எந்திர வண்டியோடு செல்லத் துணியும் வரைக்கும் அக்கேள்வி உறங்கிக் கிடந்தது எனலாம்.

இதற்கிடையில் சக்கரத்தின் உடலே மாறிவிட்டது. காற்றடைத்த சக்கரத்துக்கு றொபேட் வில்லியம் தொம்சன் 1845இல் காப்புரிமை பெற்றார். அது வழக்கில் நிலைக்கவில்லை. 1888இல் பெல்பாஸ்ற் நகரில் ஜோன் பொயிட் டன்லப், அதனைத் துவிச்சக்கரவண்டிக்குப் பொருத்தி நிலைநாட்டினார். அதற்குப் 12 ஆண்டுகளுக்கு முன்னரே, 1876இல், பிரேசில் நாட்டு இறப்பர் நாற்றுகள் இலண்டன் கியூ தோட்டத்தின் வழியாக இலங்கையின் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்திருந்தன என்பதையும் ஈண்டு நினைவுகூரலாம். மரமும் இரும்பும் செய்த இடத்தை இறப்பரும் காற்றும் பிடித்தன. எனினும் தொடக்கக் காலத்து மோட்டார் டயர்கள் ஒடுக்கமானவை. உயர்ந்த அமுக்கத்தில் காற்று நிரப்பப்பட்டவை. 1923இல் அமெரிக்காவின் பயர்ஸ்ரோன் நிறுவனம் குறைந்த அமுக்கமுடைய பருத்த டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1932இல் அத்தகைய டயர்கள் உழவு இயந்திரங்களுக்கும் வந்தன. பற்கள் பொருத்திய இரும்புச் சக்கரங்கள் வயலைவிட்டு மெல்ல மெல்ல நீங்கலாயின.

காற்றடைத்த சக்கரத்தில் ஒரு நுட்பம் அடங்கியிருக்கிறது. மெல்லிய டயர் நிலத்தை அமுக்கும் அளவு, ஏறத்தாழ அதனுள் இருக்கும் காற்றின் அமுக்க அளவேயாகும். ஒரு சக்கரத்தின் மீது 1,500 இறாத்தல் பாரம் இருப்பதாகக் கொள்வோம். சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் அமுக்கத்தில் காற்று இருந்தால், டயர் 50 சதுர அங்குல நிலத்தைத் தொட்டு நிற்கும். காற்றை 15 இறாத்தலாகக் குறைத்தால் அவ்விடம் 100 சதுர அங்குலமாக விரியும். டயரை மாற்றாமலே அதன் காலடி இரட்டிப்பாகிவிடுகிறது. இவ்விரிவு பெரும்பாலும் நீளவாக்கிலேயே நிகழும். அகலம் சிறிதே கூடும். ஆகவே அகன்ற சக்கரம் வேண்டும் என்று வேண்டுவோர் உண்மையில் வேண்டுவது பெரிய காலடியையே. அதனைப் பெற அகலம் ஒரு வழி. காற்றைக் குறைத்தல் மற்றொரு வழி.

இவ்வுண்மையை மணலில் நின்று கற்றவர்களுள் தலைசிறந்தவர் பிரித்தானியப் படைஞரான றால்ப் பாக்னோல்ட். 1896இல் பிறந்த இவர், முதலாம் உலகப் போரிற் பணியாற்றிக் கேம்பிரிட்ஜில் பொறியியல் பயின்று, 1926இல் எகிப்துக்கு மாற்றம் பெற்றார். விடுமுறை நாட்களில் நண்பர் சிலரோடு சாதாரண போர்ட் கார்களில் பாலைவனத்துட் செல்வது அவருக்குப் பொழுதுபோக்காயிற்று. லிபியாவின் எல்லையை அடுத்த பெரும் மணற்கடல் மோட்டார் வண்டியால் கடக்கவொண்ணாதது என்று பலரும் கருதியிருந்தனர். நீரும் எரிபொருளும் கிடைக்காத அவ்வெளியில் வண்டி புதைந்து மீளாதுபோனால் அதிலுள்ளோர் மீளும் வழியும் அரிதே.

பாக்னோல்ட் வண்டியின் பாரத்தை இயன்ற அளவு குறைத்தார். டயர்களின் காற்றைக் குறைத்தார். சக்கரம் புதையுமிடத்தில் அதன் கீழ் இடுவதற்கு உருக்குத் தகட்டுப் பாத்திகளைக் கொண்டு சென்றார். இவை அனைத்திலும் முக்கியமாக, மணலைப் படித்தார். காற்று மணியாய்த் தூவி இறுக்கிய மணல் உறுதியானது; குன்றின் முகட்டைத் தாண்டிச் சரிந்து விழுந்த மணல் நீர்போல் இளகியது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். எது எது என்று அறிந்தவனுக்குச் சாதாரணச் சக்கரமே போதும். அறியாதவனை எவ்வளவு அகன்ற சக்கரமும் காப்பாற்றாது. 1930இல் அவரும் தோழரும் அம்மணற்கடலைக் கார்களிற் கடந்தனர். மணலைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சி 1941இல் நூலாக வெளிவந்தது. செவ்வாய்க் கிரகத்தில் 2015இல் ஊர்தியொன்று அணுகி ஆராய்ந்த மணற்குன்றுகளுக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது.

1940இல் போர் எகிப்தை நெருங்கியபோது, தளபதி வேவெலின் அனுமதியுடன் பாக்னோல்ட் நெடுந்தூரப் பாலைவனப் படையணியைச் சில வாரங்களில் உருவாக்கினார். அவ்வணியின் லொறிகளுக்கு அகன்ற, குறைந்த அமுக்கமுடைய டயர்கள் பொருத்தப்பட்டன. மணலுக்குரிய லொறிகளில் பின்னச்சின் ஒவ்வொரு பக்கத்திலும் இரட்டைச் சக்கரம் இடும் வழக்கத்தினும், அகன்ற ஒற்றைச் சக்கரம் இடுவதே சிறந்ததென்று அக்கால அனுபவம் காட்டிற்று. முன்சக்கரம் மணலை அமுக்கித் தடமிடுகிறது. பின்சக்கரம் அதே அகலமுடையதாயின், அமுங்கிய அத்தடத்திலேயே இலகுவாக உருண்டு செல்லும். இரட்டைச் சக்கரமாயின் ஒவ்வொரு முறையும் புதுமணலை உழவேண்டிவரும். 18ஆம் நூற்றாண்டின் பாராளுமன்றம் பின்சக்கரம் புதுத்தடத்திற் செல்லவேண்டும் என்று விரும்பியது. பாக்னோல்டின் காலத்தவர் அது பழந்தடத்திலேயே செல்லவேண்டும் என்று விரும்பினர். முன்னவர்க்குத் தெருவைச் சமன்செய்வது நோக்கம். பின்னவர்க்கு வெளியைக் கடப்பது நோக்கம். நோக்கம் மாறவே நியாயமும் தலைகீழாயிற்று.

பாக்னோல்டின் வெற்றிக்கு நேரெதிரான தோல்வியொன்று அதே காலத்தில் தென்துருவத்தில் நிகழ்ந்தது. சிக்காகோ நகரின் ஆமர் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த தோமஸ் பூல்ற்றர், அட்மிரல் பேட் தலைமையிற் செல்லவிருந்த அமெரிக்க அந்தாட்டிக்காப் பயணக் குழுவுக்காகப் பனியூர்தி ஒன்றை வகுத்தார். அதன் நீளம் 55 அடிக்கு மேல். அகலம் ஏறத்தாழ 20 அடி. பாரத்தோடு நிறை 37 தொன் அளவு. அதனுள்ளே படுக்கையறையும் சமையலறையும் ஆய்வுகூடமும் இருந்தன. முதுகின் மேல் ஒரு சிறு விமானம் இருந்தது. பனிப் பிளவுகளைத் தாண்டுவதற்காகச் சக்கரங்களை உள்ளிழுத்துக்கொள்ளும் பொறியும் இருந்தது. இத்தனையையும் தாங்கியவை 4 சக்கரங்கள். ஒவ்வொன்றும் 10 அடி உயரமும் 33 அங்குலத்துக்கு மேற்பட்ட அகலமும் கொண்டது. அவ்வகை டயர்கள் முதலில் சதுப்பு நிலத்தில் ஓடும் வண்டிக்கென ஆக்கப்பட்டவை. அவற்றின் மேற்புறத்தில் வரிகளோ பற்களோ இல்லை, அவை வழுவழுப்பானவை.

1939 ஒக்டோபர் 24ஆம் நாள் சிக்காகோவிலிருந்து புறப்பட்ட அவ்வூர்தியைத் தெருவோரங்களில் மக்கள் திரண்டு நின்று பார்த்தனர். ஒகையோ மாநிலத்தில் அது ஒரு சிறு பாலத்திலிருந்து விலகி ஓடையில் இறங்கி, மூன்று நாள் அங்கேயே கிடந்தது. ஈற்றில் பொஸ்ரன் துறைமுகத்திற் கப்பலேறி, 1940 ஜனவரியில் அந்தாட்டிக்காவை அடைந்தது. கப்பலிலிருந்து இறக்கும்போதே மரத்தாலான சாய்தளம் முறிந்தது. மயிரிழையில் தப்பிப் பனியில் இறங்கிய ஊர்தி சிறிது தூரம் சென்றதும், சக்கரங்கள் பனியை அரைத்துக்கொண்டு 3 அடி ஆழம் வரை புதைந்தன.

குழுவினர் முயன்றனர். மேலதிகமாகக் கொண்டுவந்த 2 சக்கரங்களை முன்சக்கரங்களோடு இணைத்து அகலத்தை இரட்டிப்பாக்கினர். பின்சக்கரங்களுக்குச் சங்கிலி பூட்டினர். ஓரளவு பயன் கிட்டியது. முன்னோக்கிச் செல்வதினும் பின்னோக்கிச் செலுத்தும்போதே அது நன்றாக நகர்ந்தது! அவ்வாறு பின்னோக்கிச் சென்ற 92 மைலே அதன் மிக நீண்ட பயணமாயிற்று. அதன்பின் அது மனிதர் தங்கும் நிலையான குடிலாகப் பயன்பட்டது. நாய்கள் இழுத்த சறுக்கு வண்டிகளோ அதே பனியில் தம் கடமையைச் செய்துகொண்டிருந்தன. 1958இல் வேறொரு குழுவினர் பனியைத் தோண்டி அவ்வூர்தியைக் கண்டனர். அதற்குப் பின் அது எவர் கண்ணிலும் படவில்லை.

இத்தோல்வியின் காரணங்கள் பல. எனினும் சக்கரத்தைப் பொறுத்தமட்டில் மூன்று காரணங்கள் தெளிவானவை. ஒவ்வொரு சக்கரத்தின் மீதும் 9 தொன்னுக்கு மேற்பட்ட பாரம் அழுந்தியது. அப்பாரத்துக்கு 33 அங்குல அகலமும் போதவில்லை. டயர் வழுவழுப்பாயிருந்தமையால் பனியைப் பற்றிக்கொள்ள முடியவில்லை. அகலம் வண்டியைத் தாழாமல் காக்கலாம். பிடிப்பை அது தானே தந்துவிடாது. மூன்றாவதாக, சதுப்புக்கு வகுத்தது பனிக்கும் பொருந்தும் என்ற எண்ணம் பிழைத்தது. சேறு வேறு, மணல் வேறு, பனி வேறு.

போரின் பின்னர் இத்துறை விஞ்ஞானமாக வளர்ந்தது. போர்க் காலத்திலேயே, 1942இல் ஆக்கப்பட்ட அமெரிக்க நீர்நில ஊர்தியொன்றில், சாரதி தன் இருக்கையிலிருந்தபடியே டயரின் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வழி செய்யப்பட்டிருந்தது. கடற்கரை மணலில் குறைத்துத் தெருவில் கூட்டிக்கொள்வர். போலந்து நாட்டிற் பிறந்த பொறியியலாளர் மியேசிஸ்லாவ் பெக்கர், 1956இல் வெளியிட்ட நூலில், நிலத்தின் மீது ஊர்தி செல்லும் முறையைக் கணிதத்தில் அமைத்துக் காட்டினார். ஒரே பரப்புடைய இரு காலடிகளுள், அகன்று குறுகிய காலடி தனக்கு முன்னே மணலைக் குவித்துத் தள்ளிக்கொண்டு போகும். ஒடுங்கி நீண்ட காலடியோ முன்னது அமுக்கிய இடத்திலேயே தொடர்ந்து செல்லும். ஆதலால் அகலத்தை வரம்பின்றிக் கூட்டுவது தடையையும் கூட்டுவதாகும். 1971இல் சந்திரனில் ஓடிய ஊர்தியின் ஆக்கத்தில் பெக்கரின் அறிவு பயன்பட்டது. அதன் சக்கரங்கள் இறப்பரால் ஆனவையல்ல. உருக்குக் கம்பியாற் பின்னிய வலைகள். அவற்றின் அகலம் 9 அங்குலமே. 1753இன் சட்டம் விதித்த அதே அளவு சந்திரத் தூசியில் தற்செயலாக மீண்டும் தோன்றியது.

இன்று தெருவற்ற நிலத்திற் செல்லும் பெரிய டயர்களைப் பூட்டுவோர் முன்னே, இப்பழைய கேள்வி புதிய வடிவில் நிற்கிறது. டயரைத் தெரிந்தபின் அதனைத் தாங்கும் உலோக ரிம் எவ்வளவு அகலமாயிருத்தல் வேண்டும் என்பதே அக்கேள்வி. டயர் செய்வோர் ஒவ்வொரு டயருக்கும் பொருந்தும் ரிம் அகலத்தின் கீழெல்லையையும் மேலெல்லையையும் குறிப்பிடுகின்றனர். 12½ அங்குல அகலமுடைய டயருக்கு 8½ அங்குலம் முதல் 11 அங்குலம் வரையிலான ரிம் பொதுவாகக் குறிக்கப்படும். ரிம் மிக ஒடுங்கினால், டயரின் பக்கங்கள் உள்நோக்கி இழுபட்டு, நடுப்பகுதி முதுகுபோல் உயரும். அது நடுவில் மட்டும் தேயும். விரைவாகச் செல்கையில் பக்கவாட்டில் ஆடும். ரிம் மிக அகன்றால், பக்கங்கள் விறைத்து நிமிர்ந்து தம் நெகிழ்வை இழக்கும். ரிம்மின் விளிம்பு வெளித்தெரிந்து கற்களில் மோதும். ஆகவே பாறை நிலத்திற் செல்வோர், டயரின் பக்கங்கள் ரிம்மைக் கவசம்போல் மூடி நிற்குமாறு எல்லைக்குள் சற்று ஒடுங்கிய ரிம்மையே விரும்புவர். காற்றைக் குறைக்கும்போது டயரின் ஓரம் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும் ஆபத்தும் அதில் குறைவு.

ஐஸ்லாந்து நாட்டவரின் தேவையோ வேறு. அங்கே 1980களிலிருந்து பனியாறுகளின் மீது சாதாரணத் தெரு வண்டிகளைப் பெரிய டயர்கள் பூட்டிச் செலுத்தும் கலை வளர்ந்துள்ளது. 38 அங்குல உயரமுடைய டயர்களை மிக அகன்ற ரிம்களிற் பூட்டி, டயர் கழலாதவாறு அதன் ஓரத்தை ஒட்டியோ இறுக்கியோ வைத்து, இளம்பனியில் சதுர அங்குலத்துக்கு 3 இறாத்தல் அளவுக்குக் காற்றைக் குறைக்கின்றனர். அவ்வளவு குறைந்த காற்றில் டயர் தரையிற் கம்பளம்போல் விரிகிறது. பாறை நிலத்தில் தீங்காகும் அகன்ற ரிம் பனியில் துணையாகிறது. தெருவை அடைந்ததும் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு டயருக்கும் மீண்டும் காற்றேற்றிக்கொண்டே அவர்கள் வீடு திரும்புவர். அதற்குச் செலவாகும் நேரத்தை அவர்கள் வீணென்று கருதுவதில்லை.

அகலம் கூடக் கூட அச்சும் அதன் தாங்கிகளும் மிகுந்த சுமைக்கு உள்ளாகின்றன, சுக்கான் கனக்கிறது, எரிபொருள் மிகுதியாகச் செலவாகிறது. ஆகவே பெரியதே சிறந்தது என்று கொள்வோர் பனியூர்தியின் கதையை ஒருமுறை நினைத்தல் நன்று. வண்டியின் பாரம் எவ்வளவு, செல்லும் நிலம் எத்தகையது, எவ்வளவு காற்றில் ஓடப்போகிறது ஆகிய மூன்றையும் வினவியபின் அகலத்தை வினவுவதே முறை. 9 அங்குலம் என்று விதித்த பாராளுமன்றம் நிலத்தைக் கேளாது அளவுகோலைக் கேட்டது. 10 அடிச் சக்கரத்தைப் பூட்டிய பூல்ற்றர் பனியை அறியுமுன் ஊர்தியை முடித்துவிட்டார். மணலிலே குனிந்து நின்று, எது இறுகியது எது இளகியது என்று கையால் அளைந்து பார்த்த பாக்னோல்டோ, சந்தையில் வாங்கிய சாதாரணக் காரிற் சென்று மீண்டார்.